எல்லோருக்கும் அப்படித்தான்

அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து பதினெட்டாம் நாள் நான் ஊருக்குப் போனேன். அம்மா வீட்டு உள்ளறையில், சுவரோரம் இரண்டு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"படுக்கலையாக்கா?"

"படுத்தா மூச்சு முட்டுதுடி. உக்காந்தா தேவலை."

"ரெண்டாவது பிள்ளைல்ல, உடம்பு அசந்து போயிருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பிள்ளை பெற்றதில்லை. பிரசவத்துக்குப் பிறகு எல்லோருக்கும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு அந்த மாதம்தான் ஒரு கல்லூரியில் பெண்ணுடல் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்திருந்தேன். பெண்ணின் உடலைப் பற்றிப் பேசும் உரிமை முதலில் அந்தப் பெண்ணுக்குத்தான் என்று மேடையில் சொன்னேன், மாணவிகள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து, தன் உடலைப் பற்றிச் சொன்ன முதல் பெண்ணின் வாயை மூடிவிட்டேன். அதுவும் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

அந்த வாரம் அக்காவிடம் இதையே சொன்ன ஆள் நான் மட்டும் இல்லை. அம்மா சொன்னாள், பெரியம்மா சொன்னாள், மாமியார் போனில் சொன்னார். பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில் தையல் பிரிக்கப் போனபோது அக்கா வாய்விட்டே கேட்டிருக்கிறாள். அங்கேயும் "ரத்தம் கம்மியா இருக்கும், சத்தா சாப்பிடுங்க" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாறு பேர் ஒரே பதிலைச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அக்காவே தன்னை நம்புவதை நிறுத்திவிட்டாள். "நான்தான் ரொம்ப பண்றேன் போல" என்று மறுநாள் காலையில் சிரித்தாள்.

இருபத்து மூன்றாம் நாள், பிள்ளையின் எடை பார்க்க நர்சம்மா வந்தார். கிராம சுகாதாரச் செவிலியரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குவதைக் கவனித்திருக்கிறார். "மல்லாக்கப் படும்மா, பார்ப்போம்" என்றார். அக்கா படுத்தாள். இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை, இருமிக்கொண்டே எழுந்துவிட்டாள். நர்சம்மா அவளுடைய கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. "இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க" என்று சொல்லி, சீட்டு எழுதி, 108க்கும் அவரே போன் செய்தார்.

எக்கோ எடுத்தார்கள். 25 சதவீதம் என்றார்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதன் கணக்கு அது. நல்ல இதயம் 55 சதவீதத்துக்கு மேல் தள்ளும். அக்காவின் இதயம் அதில் பாதிகூடத் தள்ளவில்லை. தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதும் உட்கார்ந்தால் தேவலையாக இருந்ததும் அதனால்தான். அவள் சொன்னது எழுத்துப் பிசகாத மருத்துவக் குறிப்பு. மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் அறிகுறியை அவள் தன் சொந்தச் சொற்களில் எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இந்த நோய்க்குத் தமிழில் பழகிய பெயர் இல்லை. பேறுகால இதயத்தசை நோய் என்று சொல்லலாம். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலோ, அதுவரை நன்றாக இருந்த பெண்ணின் இதயத்தசை தளர்ந்துபோகிறது. வேறு காரணம் எதுவும் தென்படாமல், ரத்தம் தள்ளும் திறன் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். அமெரிக்காவில் சில ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. ஹைட்டியில் சுமார் 300க்கு ஒன்று. வடக்கு நைஜீரியாவில் 100க்கு ஒன்று என்றுகூடக் கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பகால ரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை, கூடுதல் வயது இருந்தால் வாய்ப்பு அதிகம். ஆனால் இவை எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்கு இதயம் தேறிவிடுகிறது. வட அமெரிக்காவில் 100 பெண்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்றின் முடிவு 2015இல் வந்தது. அதில் 72 சதவீதம் பேருக்கு இதயத்தின் திறன் 50க்கு மேல் திரும்பியிருந்தது. கண்டுபிடிக்கும்போதே இதயம் மிகவும் பெருத்து, திறன் 30க்குக் கீழே இறங்கியிருந்தவர்களில் யாரும் அப்படித் தேறவில்லை. அக்கா 25இல் இருந்தாலும் இதயம் அந்த அளவுக்குப் பெருத்திருக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். அதற்கும் எங்கள் அக்கறைக்கும் தொடர்பில்லை.

இதற்குப் பிறகு பல மாதங்கள் என்னைக் குடைந்த கேள்வி இது. நாங்கள் சொன்னது பொய்யா?

பொய் இல்லை என்பதுதான் சங்கடம். பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அசதி இருக்கிறது. பலருக்குக் கால் வீங்குகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவே 40, 50 சதவீதம் கூடிவிடுகிறது. அதைச் சுமந்து இறக்கிய உடம்பு சும்மா இருக்குமா? மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் ஆயிரம் தாய்மாரிடம் "எல்லோருக்கும் அப்படித்தான்" என்று சொன்னால், ஏறத்தாழ ஆயிரம் முறையும் அது சரியாகவே இருக்கும். அப்படியானால் எங்கள் தவறு என்ன? கிட்டத்தட்ட எப்போதும் சரியாக இருக்கும் ஒரு வாக்கியத்தைச் சொல்வது எப்படி அநீதியாகும்?

இதை யோசிக்கும்போது அப்பாவின் நெஞ்சுவலி நினைவுக்கு வந்தது. 58 வயதில் ஒரு கல்யாண விருந்து முடிந்து வந்து, ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நெஞ்செரிச்சல் பெரும்பாலும் வாயுதான். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு யாரும் "விருந்து சாப்பிட்டா எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவை எழுப்பினோம். ஈசிஜி எடுத்தோம். வாயுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில் யாரும் அப்பாவைப் பார்த்து "ரொம்ப பண்றீங்க" என்று சொல்லவில்லை. "எதுக்கும் பார்த்துட்டது நல்லது" என்றாள் அம்மா.

அப்பா நெஞ்சு வலிக்கிறது என்றபோது, அந்தப் பேச்சை நெஞ்சைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொண்டோம். அக்கா மூச்சு முட்டுகிறது என்றபோது, அதை அக்காவைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொண்டோம். அவள் அசந்துவிட்டாள், தாங்கமாட்டாள், செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை, பயந்த சுபாவம். அவள் உடலைப் பற்றிச் சொன்ன வாக்கியம் எங்கள் காதில் நுழைவதற்குள் அவள் குணத்தைப் பற்றிய வாக்கியமாக மாறிவிட்டது. தவறு கணக்கில் இல்லை. அப்பாவுக்குப் போட்ட கணக்கையே அக்காவுக்கும் போட்டிருந்தால் போதும்: பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்த்துவிடலாம். அதற்கு ஆன செலவு என்ன? நர்சம்மாவுக்கு இரண்டு நிமிடமும் ஒரு பாயும்தான் தேவைப்பட்டன.

மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவப் பேராசிரியர் 2007இல் எழுதிய 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்' என்ற நூலில் இரண்டு அநீதிகளைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, சொல்பவர் யார் என்பதை வைத்து அவருடைய சொல்லின் மதிப்பைக் குறைப்பது. இன்னொன்று, தனக்கு நேர்வதைச் சொல்லப் பொதுவெளியில் ஒரு சொல்லே கிடைக்காமல் ஒருவர் தவிப்பது. இரண்டாவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. 1960களின் இறுதியில், பாஸ்டனில் பெண்கள் கூடிப் பேசிய ஒரு குழுவில், பிள்ளை பெற்றதிலிருந்து தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, இது தன்னுடைய குறையில்லை, தனக்கு வந்த நோய் என்று அங்கேயே புரிந்துகொண்டார். அதுவரை கணவரும் அவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல் கிடைத்ததும் குற்றம் அவர் தலையிலிருந்து இறங்கியது.

அக்காவின் கதையில் கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது. சொல் இருந்தது. மருத்துவ உலகம் இந்த நோயைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுதி வருகிறது. 1971இல் அதற்கு வரையறையும் வகுத்துவிட்டார்கள். அந்தச் சொல் இதயநோய்ப் பிரிவின் அலமாரியில் இருந்தது. பிரசவ வார்டுக்கு அது எப்போதாவது வந்துபோனது. எங்கள் வீட்டு உள்ளறைக்கு வரவே இல்லை. எங்களிடம் இருந்த சொல் 'பச்சை உடம்பு'. பிள்ளை பெற்றவளின் உடம்பு இன்னும் ஆறாத உடம்பு, அதற்கு எல்லாம் வரும், எல்லாம் போகும். எனக்கு அந்தச் சொல்லின் மீது கோபம் இல்லை. அந்தச் சொல்தான் நாற்பது நாளாவது ஒரு பெண்ணை வேலையிலிருந்து விலக்கி உட்காரவைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் விளக்கிவிடும் சொல் எதையும் தனியாகப் பார்க்க விடாது. அசதி, வீக்கம், இருமல், மூச்சுமுட்டல் எல்லாம் பச்சை உடம்புக்குள் அடங்கிவிட்டன.

போதாதற்குத் தாய்மையின் வேலை இந்த நோய்க்கு நல்ல மறைவிடம். படுக்க முடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவரை வேறெந்த வீட்டிலும் கவனித்திருப்பார்கள். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவளை யார் கவனிப்பார்கள்? பால் கொடுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்போம். அன்றைக்குப் பிள்ளை தொட்டிலில் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன்: "எல்லாருக்கும் அப்படித்தான்னு சொன்னியே, அந்த எல்லாரும் யாரும்மா?" அம்மா யோசித்தாள். நான், உன் பெரியம்மா, உன் சித்தி, பக்கத்து வீட்டு அத்தை என்று விரல்விட்டாள். பிறகு, கேட்காமலே, பாட்டியின் தங்கை ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். முதல் பிள்ளை பெற்ற இரண்டாம் மாதம் செத்துப்போனவள். "சன்னி கண்டு போயிட்டான்னு சொல்லுவாங்க." காய்ச்சலா, வலிப்பா, ரத்தப்போக்கா, இதயமா, யாருக்கும் தெரியாது. பிரசவத்தை ஒட்டிச் செத்த பெண்களுக்கெல்லாம் எங்கள் பக்கத்தில் சன்னி என்ற ஒரே சொல்தான் இருந்தது. "அவ இருந்தா ராத்திரி பூரா உக்காந்தே இருந்தான்னு பாட்டி சொல்லும்" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அம்மாவின் 'எல்லோரும்' பிழைத்தவர்களின் கூட்டம். செத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் வந்து கைதூக்க முடியாது. பிழைத்தவர்களிலும் எத்தனை பேருடைய இதயம் பாதி வலுவோடு ஓடி, மருந்தில்லாமல் தானாகத் தேறியது என்று யாருக்குத் தெரியும்? "எனக்கெல்லாம் யார் கேட்டா?" என்றாள் அம்மா. நான்கு பிள்ளை பெற்றவள். அவளுடைய அனுபவ அறிவு என்று நாங்கள் மதித்ததில் பாதி, அவளிடமும் யாரும் கேட்காமல் விட்டதால் சேர்ந்தது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். இந்த நூலை வாசிப்பவர்களிடமிருந்தே வரும், வரவும் வேண்டும். பிரசவத்தை நோயாக மாற்றாதீர்கள் என்றுதானே பெண்ணியவாதிகள் இத்தனை காலம் போராடினோம்? ஏற்கெனவே கத்தியும் கட்டணமுமாக இருக்கும் பிரசவத்தில் இதயப் பரிசோதனையையும் சேர்த்துவிட்டால் யாருக்கு லாபம்? ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 60 சதவீதத்தையும் தாண்டுகிறது. அக்காவுக்கும் சிசேரியன்தான். அவள் கேட்காத அறுவை சிகிச்சையை உடனே செய்தார்கள். அவள் கேட்ட கேள்விக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரே கட்டடத்தில், பத்து நாள் இடைவெளியில். மிதமிஞ்சிய மருத்துவமும் மருத்துவமின்மையும் எதிரெதிர் துருவங்கள் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். பெண்ணின் பேச்சுக்கு இடமில்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. எல்லாத் தாய்மாருக்கும் எக்கோ எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் மல்லாந்து படுக்க முடிகிறதா, ராத்திரி மூச்சு முட்டி எழுகிறாயா என்று எல்லாத் தாய்மாரிடமும் கேட்கலாமே. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

செரீனா வில்லியம்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2017 செப்டம்பரில் சிசேரியன் முடிந்த மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. அவருடைய நோய் வேறு, நுரையீரலில் ரத்தக்கட்டி. முன்பே ஒருமுறை வந்ததால் அவருக்கு அடையாளம் தெரியும். சிடி ஸ்கேனும் ரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்தும் வேண்டும் என்று செவிலியரிடம் பெயர் சொல்லிக் கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தார். மருத்துவர் முதலில் காலில் ஸ்கேன் செய்தார். அவர் விடாமல் வற்புறுத்திய பிறகு எடுத்த சிடியில் கட்டிகள் தெரிந்தன. உலகமே அறிந்த உடம்பு, அந்த உடம்பைப் பழக்கியே வாழ்ந்தவர், பணத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் அவர் ஒரு கறுப்பினத் தாய். பிரசவம் தொடர்பாக இறக்கும் வாய்ப்பு வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருக்கும் நாடு அது.

நோய் என்னவென்று தெரிந்த பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் கேள்வி இது: "என்ன லேகியம் கொடுத்தீங்க?" கேட்ட இளம் மருத்துவர் கெட்டவரில்லை. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் அம்மா அன்றோடு ஒடிந்துபோனாள். சுக்கும் திப்பிலியும் வெல்லமும் போட்டு, இரண்டு நாள் அடுப்படியில் நின்று கிண்டிய பிரசவ லேகியம் தன் மகளின் இதயத்தைக் கெடுத்துவிட்டதோ என்று மூன்று வருடம் கழித்தும் கேட்கிறாள். இல்லை என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள். அவளுக்குத்தான் ஆறவில்லை.

பெண்களின் பழக்கத்தில் காரணம் தேடுவதற்கு இந்த நோயின் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயமே இருக்கிறது. வடக்கு நைஜீரியாவின் சாரியா நகரில் 1970களில் இந்த நோய் மிக அதிகமாகக் காணப்பட்டது. ஹவுசா இனப் பெண்கள் பிரசவத்துக்குப் பிறகு நாற்பது நாள் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பார்கள், கீழே தீ மூட்டிய மண் திண்ணையில் படுப்பார்கள், ஏரி உப்புக் கலந்த கஞ்சி குடிப்பார்கள். வெப்பமும் உப்பும் சேர்ந்து இதயத்தை வருத்துகின்றன என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். உப்பு உடலில் நீரைத் தேக்கும். ஆனால் அந்த மண் திண்ணை இல்லாத ஹைட்டியிலும் சோவெட்டோவிலும் பெண்களுக்கு இதே நோய் வந்தது. நைஜீரியாவிலேயே பின்னாளில் நடந்த ஆய்வுகள் எடைக் குறைவு, பள்ளிக்கூடம் போகாதது, செலினியம் என்ற நுண்சத்தின் குறைபாடு ஆகியவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்பின. உப்புக் கஞ்சி கொடுத்த தாயைக் காட்டுவது எளிது. மகளுக்குச் சோறும் படிப்பும் கிடைக்காமல் செய்தவர்களைக் காட்டுவது அத்தனை எளிதில்லை.

எங்கள் வீட்டில் நடந்த பெரிய சண்டை லேகியத்தைப் பற்றியதில்லை. பாலைப் பற்றியது.

பால் சுரக்கச் செய்யும் புரொலாக்டின் என்ற ஹார்மோன் சிலருடைய உடலில் உடைந்து, இதயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைக்கும் துண்டாக மாறுகிறது என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் 2007இல் கண்டார்கள். அதனால் அந்த ஹார்மோனை அடக்கும் புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையைச் சில நாடுகளில் கொடுக்கிறார்கள். கொடுத்தால் பால் நின்றுவிடும். எந்த அளவுக்குப் பயன் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஐரோப்பாவில் ஆதரவு கொஞ்சம் அதிகம், அமெரிக்காவில் தயக்கம் அதிகம். பால் கொடுத்துக்கொண்டே மற்ற இதய மருந்துகளை எடுத்துக்கொண்டவர்களும் தேறியிருக்கிறார்கள். ஆக, இரண்டு பக்கமும் நியாயம் உள்ள, உண்மையிலேயே கடினமான முடிவு. மருத்துவர் அக்காவிடம் இரண்டையும் விளக்கினார். அவள் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாள்.

மாமியார் அழுதார். அத்தான் பேசவில்லை. "தாய்ப்பாலைப் பறிச்சுட்டு என்ன மருந்து?" என்று பெரியம்மா கேட்டாள். அதுவரை அந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துமுறை கேட்ட கேள்வி "பால் ஊறுதா?" என்பதுதான். பால் சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் அதற்காகத்தான். அக்காவுக்குக் கொடுத்த சாப்பாடெல்லாம் அக்கா வழியாகப் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் தவறில்லை, பிள்ளைக்கும் வேண்டும். ஆனால் அக்கா என்ற ஆள் பாலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த ஒரு வழியாக மட்டும் ஆகிவிட்டிருந்தாள். "எனக்கு உசிரு வேணும்" என்று அவள் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் தலை குனிந்தார்கள். பிள்ளைக்காக உயிரைக் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு அம்மா வேணும்ல?" என்று நான் அவளுக்காக வாதாடினேன். பிறகு யோசித்தால் அதுவும் தப்பான வாதம்தான். பிள்ளைக்குத் தேவை என்பதால் அவள் பிழைக்கட்டும் என்றேன். பிள்ளை இல்லாமல் போயிருந்தால் அவளுக்குப் பிழைக்கக் காரணம் இல்லையா? அவள் கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று. 31 வயது, இன்னும் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அதை அப்படியே, வேறு யாருடைய பெயரையும் துணைக்கு அழைக்காமல், நியாயமான ஆசை என்று சொல்ல எனக்கே அன்று நாக்கு வரவில்லை.

தமிழ்நாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் விசாரித்துப் பதிவு செய்வதில் இந்த மாநிலம் இந்தியாவுக்கு முன்னோடி. 2004 முதல் அது அரசாணைப்படி கட்டாயம். மரணம் நடந்தால் வீட்டுக்கே வந்து உறவினர்களிடம் விசாரிக்கிறார்கள்: என்ன சொன்னாள், எப்போது சொன்னாள், யாரிடம் சொன்னாள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள். அதே 2004இல் கேரளத்து மகப்பேறு மருத்துவர்களும் இத்தகைய ஆய்வைத் தொடங்கினார்கள். இந்த விசாரணைகளால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன. எங்கள் நர்சம்மாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததற்கும் இப்படிப்பட்ட கவனம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்விகளை வாசிக்கும்போது மனம் ஒருமாதிரி ஆகிறது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நேரத்தோடு, இடத்தோடு, சாட்சியோடு ஒருவர் எழுதிக்கொள்கிறார். உயிரோடு இருந்தபோது அவளுக்கு அப்படி ஒருவர் கிடைத்திருந்தால்?

அந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உலகெங்கும் பிரசவ மரணம் என்பதற்கான வரையறை, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள் நேரும் மரணம். அதற்குப் பிறகு ஒரு வருடம் வரை நேர்வதற்குத் 'தாமதமான' பிரசவ மரணம் என்று தனிப்பெயர் இருந்தாலும், மாநிலங்கள் பெருமையாக அறிவிக்கும் பிரசவ மரண விகிதத்தில் அது சேராது. பேறுகால இதயத்தசை நோய் பிரசவத்துக்குப் பிறகு ஐந்து மாதம் வரைகூட வரக்கூடியது. அறுபதாம் நாள் இறந்த பாட்டியின் தங்கை இன்றைக்கு இறந்திருந்தாலும் அந்த எண்ணில் வரமாட்டாள்.

அக்காவுக்கு இப்போது 50 சதவீதம். வீட்டு வேலை செய்கிறாள், தையல் மிஷின் மிதிக்கிறாள், மாடிப்படியில் நடுவில் ஒருமுறை நிற்கிறாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் முழுதாகத் தேறாத நிலையில் மீண்டும் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்திருந்தார். தேறியவர்களில் யாரும் இறக்கவில்லை, ஆனால் அவர்களிலும் சிலருக்கு இதயம் மறுபடி தளர்ந்தது. இரண்டும் பெண் பிள்ளைகள் என்பதால் மாமியார் இந்த எண்ணையெல்லாம் நம்புவதில்லை. "தேறிட்டா ஒண்ணுமில்லைன்னு நீயேதானே சொல்ற" என்று என்னையே மடக்குகிறார்.

ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அவளுக்கு ஆகாது. ரத்தம் உறையும் ஆபத்து. இப்போதைக்குக் காப்பர் டி போட்டிருக்கிறாள். நிரந்தரமாக ஏதாவது செய்வதென்றால் இரண்டு வழி. ஒன்று, தளர்ந்து தேறிய இதயத்தோடு அவள் மயக்க மருந்து வாங்கி வயிற்றைத் திறந்துகொள்வது. மற்றது, அத்தான் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வருவது. இந்தியாவில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் சுமார் 38 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம் என்று அதே குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தான் நல்லவர். மருத்துவமனையில் பதினோரு நாள் தரையில் படுத்திருந்தவர். செய்துகொள்கிறேன் என்று அவரே சொன்னார், யாரும் கேட்கவில்லை. ஆடி முடியட்டும் என்றார். பிறகு தீபாவளிக்கு லீவு கிடைக்காது என்றார். போன வாரம் அக்காவிடம் போனில் கேட்டேன்.

"பயமா இருக்காம்டி அவருக்கு" என்றாள். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டாரு."